வரைபடமும் நிலமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புவியியல் படிப்பவர்கள், மலையேறுபவர்கள், பட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு போன் திரையோடு மல்லுக்கட்டுபவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் சொன்ன விதத்திலேயே கேள்விகளை விட்டிருக்கிறோம். பின்னால் வரும் பதில்கள் முன்னால் உள்ளவற்றைப் பிடித்துக்கொண்டு போவதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. படத்தில் 1:50,000 என்று போட்டிருக்கிறதே, அதை எப்படிப் படிக்கணும்?

தாளில் ஒரு பங்கு என்றால் தரையில் ஐம்பதாயிரம் பங்கு. அலகு எதுவானாலும் கணக்கு மாறாது. தாளில் 1 செ.மீ. அளந்தால் தரையில் 50,000 செ.மீ., அதாவது 500 மீட்டர். பள்ளிப் புத்தகங்களில் பிரதிபின்னம் என்று வருவது இதுதான்.

செ.மீ.யைக் கி.மீ. ஆக்க ஒரு குறுக்குவழி உண்டு. வலப்பக்க எண்ணின் கடைசி ஐந்து இலக்கங்களுக்கு முன்னால் புள்ளி வையுங்கள். 50,000 என்பது 0.5 ஆகும், ஒரு செ.மீ.க்கு அரை கி.மீ. 2,50,000 என்பது 2.5 ஆகும், ஒரு செ.மீ.க்கு இரண்டரை கி.மீ.

2. பெரிய அளவை வரைபடம் என்றால் பெரிய பரப்பைக் காட்டுவதுதானே?

நேர்மாறு. அளவை என்பது ஒரு பின்னம். 1/2,000 என்பது 1/10,00,000-ஐ விடப் பெரிய பின்னம். ஆகவே ஒரு வயலை மட்டும் காட்டும் படம் பெரிய அளவை, முழு இந்தியாவைக் காட்டும் படம் சிறிய அளவை. தேர்வு எழுதுபவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் இது.

3. ஜெராக்ஸ் எடுத்த படத்தில் அளக்கலாமா? போனில் பெரிதாக்கினால் அளவை மாறாதா?

மாறும். 1:50,000 தாளை 90 சதவீதமாகச் சுருக்கி நகல் எடுத்தால், அச்சிட்ட எழுத்து 1:50,000 என்றே இருக்கும். உண்மையில் அது ஏறக்குறைய 1:55,500 ஆகிவிட்டது. நீளம் பத்து சதவீதம் குறைந்தால் பரப்பு 19 சதவீதம் குறையும். பி.டி.எஃப். கோப்பை அச்சிடும்போது "தாளுக்குப் பொருத்து" என்ற தேர்வு தானாகவே இந்த வேலையைச் செய்துவிடும்.

இதற்காகத்தான் படத்தின் அடியில் கோட்டு அளவை, அதாவது தூரம் குறித்த ஒரு சிறு கோடு, வரைகிறார்கள். படத்தோடு சேர்ந்து அதுவும் சுருங்கும், விரியும். ஒரு காகிதத் துண்டின் ஓரத்தில் இரண்டு இடங்களையும் குறித்து, அதைக் கோட்டு அளவையில் வைத்துப் படியுங்கள். போன் திரையில் பின்னத்துக்கு வேலையே இல்லை. மூலையில் தெரியும் கோட்டை மட்டும் நம்புங்கள்.

4. மேட்டுப்பாளையம்–ஊட்டி படத்தில் 29 கி.மீ.தான் வருகிறது. ரயில் பாதை 46 கி.மீ. என்கிறார்களே? மலை ஏறுவதால் கூடுகிறதா?

ஏற்றத்தின் பங்கு மிகச் சொற்பம். வரைபடம் காட்டுவது மேலிருந்து நேராகப் பார்த்தால் தெரியும் கிடைத்தூரம். மேட்டுப்பாளையம் நிலையம் 326 மீட்டர் உயரத்திலும் உதகை நிலையம் 2,203 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. 46 கி.மீ. கிடைத்தூரத்தில் 1,877 மீட்டர் ஏறினால் சரிவு நீளம் கூடுவது 40 மீட்டருக்கும் குறைவு. கூடுதலான 17 கி.மீ. முழுக்க வளைவுகள் தின்றது. ரயில் செங்குத்தாக ஏற முடியாததால் மலையைச் சுற்றிச் சுற்றிப் போகிறது.

வளைந்த பாதையை அளக்க, நனைத்துப் பிழிந்த நூலைப் பாதையின் மேலேயே படிய வைத்து, பின் நீட்டி அளக்கலாம். ஆனால் அந்தப் படத்தில் வளைவுகள் எவ்வளவு வரையப்பட்டிருக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். அடுத்த கேள்வி அதைப் பற்றியதுதான்.

5. இந்தியக் கடற்கரை 7,516 கி.மீ. என்று படித்தோம். இப்போது 11,098 என்கிறார்கள். கரை வளர்ந்துவிட்டதா?

வளரவில்லை. அளந்த படம் மாறிவிட்டது. பழைய கணக்கான 7,516.6 கி.மீ., 1970களில் 1:45,00,000 அளவைப் படங்களை வைத்துப் போட்டது. அதில் ஒரு மி.மீ. என்பது நாலரை கி.மீ.; அதற்குள் அடங்கும் கழிமுகம், உப்பங்கழி, சிறு குடா எல்லாம் ஒரே கோடாக நேர்ப்பட்டுவிடும். புதிய கணக்கு 1:2,50,000 அளவையில் போட்டது. மடிப்புகள் தெரியத் தெரிய நீளம் கூடி 11,098.81 கி.மீ. ஆனது. தமிழ்நாட்டின் கரையும் 906.9-இலிருந்து 1,068.69 கி.மீ.க்குப் போனது.

எல்லா வரைபடத்திலும் இப்படித்தான். சிறிய அளவைக்குப் போகும்போது வளைவுகளை நேராக்குவார்கள், சிற்றூர்களை விடுவார்கள், ஒட்டி ஓடும் சாலையையும் ரயில் பாதையையும் வேண்டுமென்றே விலக்கி வரைவார்கள். அரை மி.மீ. தடிமனான ஒரு கோடு 1:50,000-இல் 25 மீட்டர் அகலம். பத்து லட்சத்தில் ஒன்று என்றால் 500 மீட்டர். அந்த அகலத்தில் சாலை எங்கேயும் கிடையாது. கோடு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொன்ன பொய் அது.

6. சம உயரக் கோடுகளைப் பார்த்தால் நூடுல்ஸ் மாதிரி இருக்கிறது. எது மலை, எது பள்ளம்?

ஒரு கோட்டின் மேல் நடந்தால் ஏறவும் மாட்டீர்கள், இறங்கவும் மாட்டீர்கள். ஏரியில் தண்ணீர் இறங்க இறங்கக் கரையில் விழும் ஈரத் தடங்களைப் போல. இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தாள்களில் அடுத்தடுத்த கோடுகளுக்கு நடுவே பொதுவாக 20 மீட்டர் உயர வித்தியாசம். ஐந்துக்கு ஒரு கோடு தடிப்பாக இருக்கும். அதில் எழுதிய எண்ணைப் பிடித்துக்கொண்டு எண்ணுங்கள்.

மூடிய வளையங்கள் உள்ளே போகப் போக எண் கூடினால் குன்று. குறைந்தால் குழி, குழியின் கோட்டில் உட்பக்கம் நோக்கிச் சிறு பற்கள் போட்டிருப்பார்கள். ஓடையா, முகடா என்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். கோடுகள் வளையும் முனை உயரமான பக்கத்தை நோக்கி நீட்டினால் அங்கே ஓடை. தாழ்வான பக்கத்தை நோக்கி நீட்டினால் முகடு. மூடுபனியில் இதை மாற்றிப் படித்தால் முகடு வழியே இறங்குவதாக நினைத்து ஓடைப் பள்ளத்துக்குள் போய் மாட்டிக்கொள்ள நேரும்.

இரண்டு கோட்டுக்கு நடுவே என்ன இருக்கிறது என்று படம் சொல்லாது. 18 மீட்டர் உயரப் பாறைச் சுவர் ஒன்று அந்த இடைவெளியில் முழுசாக ஒளிந்துகொள்ளலாம்.

7. ஏற்றம் எவ்வளவு கடினம் என்று படத்திலேயே தெரியுமா?

தெரியும். அடுத்தடுத்த இரண்டு கோடுகளுக்கு நடுவே 4 மி.மீ. இருக்கிறது என்று வையுங்கள். 1:50,000-இல் அது 200 மீட்டர். 20 மீட்டர் உயரத்தை 200 மீட்டரால் வகுத்தால் 10 சதவீதம், கோணத்தில் ஆறு டிகிரிக்குச் சற்றுக் குறைவு. நடக்கலாம். இடைவெளி ஒரு மி.மீ.க்கு வந்தால் 40 சதவீதம், ஏறக்குறைய 22 டிகிரி. மூட்டையோடு மூச்சு வாங்கும். கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டால் வேறு வழி தேடுங்கள்.

8. ஆறு நீலத்தில் இல்லாமல் கறுப்பில் இருக்கிறதே, அச்சுப் பிழையா?

இல்லை. இந்தியத் தாள்களில் நீலம் தண்ணீர் இருக்கும் இடத்துக்கு மட்டும். மழைக்காலத்தில் ஓடி மற்ற நாளில் மணலாகக் கிடக்கும் ஓடையைக் கறுப்பில் வரைவார்கள். குடிநீரை நம்பிப் பாதை போடுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதை. பழுப்பு சம உயரக் கோடு, சிவப்பு சாலையும் குடியிருப்பும், பச்சை மரங்கள், மஞ்சள் சாகுபடி நிலம்.

ஏரிக்கரை ஓரமாக "5" என்று எழுதிப் பக்கத்தில் ஆங்கிலச் சிறிய "ஆர்" இருந்தால், கரை சுற்றுத் தரையிலிருந்து 5 மீட்டர் உயரம் என்று பொருள். கடல் மட்டத்திலிருந்து எடுத்த உயரம் அல்ல.

9. ஒரு டிகிரி என்றால் எத்தனை கி.மீ.?

தெற்கு–வடக்காக எங்கே அளந்தாலும் ஏறக்குறைய 111 கி.மீ. கிழக்கு–மேற்காக இடத்துக்கு இடம் மாறும். தீர்க்கரேகைகள் துருவத்தில் கூடிவிடுவதால் இடைவெளி குறைந்துகொண்டே போகும். கன்னியாகுமரியில் 110 கி.மீ., சென்னையில் 108.5, டெல்லியில் 98, ஸ்ரீநகரில் 92. ஒரு இடத்துக்கு வேண்டுமானால் 111.3-ஐ அந்த அட்சரேகையின் கோசைனால் பெருக்குங்கள்.

10. கொடுத்த எண்ணைப் போட்டால் இடம் எங்கேயோ காட்டுகிறது. ஏன்?

பெரும்பாலும் இரண்டு காரணங்களில் ஒன்று. முதலாவது, டிகிரி–நிமிடத்தைத் தசமமாக எழுதிவிடுவது. 13 டிகிரி 30 நிமிடம் என்பது 13.30 அல்ல, 13.50. ஒரு டிகிரிக்கு 60 நிமிடம். இந்தத் தப்பில் மட்டும் 22 கி.மீ. நகர்ந்துவிடும். 13.0827-ஐ மாற்றிப் பார்ப்போம்: 0.0827 × 60 = 4.962, ஆக 4 நிமிடம், 0.962 × 60 = 57.7 விநாடி.

இரண்டாவது, வரிசை மாறுவது. அட்சரேகை முதலில், தீர்க்கரேகை பிறகு என்பது போன் செயலிகளின் வழக்கம். சில மென்பொருள்கள் கிழக்கை முதலில் கேட்கும். சென்னையின் 13.08, 80.27-ஐத் திருப்பிப் போட்டால் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் போய் நிற்பீர்கள்.

தசமத்தில் ஐந்து இலக்கம் போதும். ஐந்தாவது இலக்கம் ஒரு மீட்டர். ஏழு எட்டு இலக்கம் எழுதினால் போனின் துல்லியம் கூடிவிடாது.

11. உலகப் படத்தில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்கு இருக்கிறதே, நிஜமாகவா?

ஆப்பிரிக்கா கிரீன்லாந்தைப் போல 14 மடங்கு. இன்னொன்று: கிரீன்லாந்தின் பரப்பு ஏறக்குறைய 21.7 லட்சம் சதுர கி.மீ., இந்தியாவின் பரப்பு 32.9 லட்சம். இந்தியாதான் பெரிது, அதுவும் ஒன்றரை மடங்கு.

நீங்கள் பார்த்தது மெர்கேட்டர் படம். 1569-இல் கெரார்டஸ் மெர்கேட்டர் மாலுமிகளுக்காக உருவாக்கியது. கேள்வி 9-இல் சொன்னபடி தீர்க்கரேகைகள் வடக்கே நெருங்க வேண்டும். இதில் அவற்றை இணையாகவே விட்டார்கள். கிழக்கு–மேற்காக இழுபட்ட அளவுக்குத் தெற்கு–வடக்காகவும் இழுத்துவிட்டால் கோணம் கெடாது. திசைகாட்டியை ஒரே கோணத்தில் பிடித்துக் கப்பல் ஓட்டினால் அந்தப் பாதை படத்தில் நேர்கோடு. விலை? 60-வது அட்சரேகையில் நீளம் 2 மடங்கு, பரப்பு 4 மடங்கு. துருவம் படத்திலேயே வராது.

இணைய வரைபடங்கள் பெரும்பாலும் இதன் மாற்று வடிவத்தைத்தான் பயன்படுத்துகின்றன. தெருமுனை தெருமுனையாகத் தெரிய வேண்டும் என்பதால். தமிழ்நாட்டில் இந்த இழுவை நீளத்தில் ஒன்று முதல் மூன்று சதவீதம்தான்.

12. அப்படியானால் தப்பே இல்லாத படம் எது?

கிடையாது. பழைய ரப்பர் பந்து ஒன்றை அறுத்து மேசையில் தட்டையாக அழுத்திப் பாருங்கள்: கிழியும், அல்லது இழுபடும், அல்லது மடங்கும். நீட்சியில்லாமல் கோளத்தைத் தட்டையாக்கவே முடியாது என்று 1827-இல் கணிதமேதை காஸ் கணிதமாகவே நிறுவிவிட்டார்.

கோணம் வேண்டுமா, பரப்பு வேண்டுமா என்று தேர்ந்தெடுக்கலாம். இரண்டும் சேர்ந்து கிடைக்காது. மக்கள்தொகை, காடு, மழை போன்றவற்றை உலக அளவில் நிறம் தீட்டிக் காட்டுகிறீர்களா? சமப்பரப்புக் கோட்டுச்சட்டம் (பரப்பு கெடாமல் உருண்டையைத் தட்டையாக்கும் முறை) எடுங்கள்: 1805-இல் வந்த மோல்வைடு, 2018-இல் வந்த ஈக்குவல் எர்த் போன்றவை. அந்த வேலைக்கு மெர்கேட்டரை எடுப்பவர்களை மன்னிக்க எங்களுக்கு மனம் வருவதில்லை. ரஷ்யாவும் கனடாவும் படத்தை விழுங்கிவிடும். ஒரே ஊரையோ தாலுகாவையோ வரைகிறீர்கள் என்றால் இந்தக் கவலையே வேண்டாம்.

13. டெல்லியிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்குக் குறுக்குவழி ஆர்க்டிக் பக்கமா? படத்தில் நேராகக் கிழக்கேதானே?

உருண்டையில் மிகக் குறுகிய வழி, பூமியை இரண்டு சம பாதியாக வெட்டும் பெருவட்டத்தின் துண்டு. உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் வடதுருவத்தின் பக்கமாகப் போய் விழும். கேள்வி 11-இன் படத்தில் துருவப் பகுதி இழுபட்டுக் கிடப்பதால் அதே வழி பெரிய வில்லாகத் தெரிகிறது. பின்காற்று சாதகமாக இருந்தால் விமானம் பசிபிக் மேலாகச் சுற்றிப் போவதும் உண்டு. அது எரிபொருள் கணக்கு.

14. டோப்போ ஷீட்டில் 58 கே/1 என்றால் என்ன?

டோப்போ ஷீட் என்பது கேள்வி 6-இல் சொன்ன நில அளவைத் துறைத் தாள்தான். இந்த எண் அந்தத் தாளின் முகவரி. பழைய முறையில் நாட்டை 4 டிகிரிக்கு 4 டிகிரி கட்டங்களாகப் பிரித்து எண் கொடுத்தார்கள். 58 என்பது 8–12 வடக்கு, 76–80 கிழக்கு. அதை ஒரு டிகிரிக் கட்டங்கள் பதினாறாக்கி ஏ (A) முதல் பி (P) வரை எழுத்து; இடப்பக்கத்து நிரலில் மேலிருந்து கீழாக நாலு எழுத்து, பிறகு அடுத்த நிரல். ஒவ்வொரு எழுத்தையும் 15 நிமிடக் கட்டங்கள் பதினாறாக்கி, அதே வரிசையில் 1 முதல் 16 வரை எண். அதுதான் ஒரு 1:50,000 தாள்.

மதுரை 9.92 வடக்கு, 78.12 கிழக்கு. 78–79 மூன்றாவது நிரல், 9–10 மூன்றாவது வரிசை: கே. அதற்குள் மேல் இடது மூலை: 1. இதே கணக்கில் ஊட்டி 58 ஏ/11. உங்கள் ஊருக்கும் போட்டுப் பாருங்கள். 2005-இன் தேசிய வரைபடக் கொள்கைக்குப் பிறகு பொதுமக்களுக்கு வரும் தாள்களின் எண் முறை வேறு.

15. பழைய டோப்போ ஷீட்டில் கோயிலின் அட்சரேகையைப் படித்துப் போனில் போட்டால் நூறு, இருநூறு மீட்டர் தள்ளிக் காட்டுகிறதே?

படமும் சரி, போனும் சரி. இரண்டும் வேறு வேறு பூமியை வைத்துக்கொண்டிருக்கின்றன. பூமி முழு உருண்டை அல்ல, நடுவில் பிதுங்கியது. அதற்கு இணையான ஒரு கணித உருவத்தை முதலில் முடிவு செய்து, அதன் மேல்தான் அட்சரேகை, தீர்க்கரேகை எழுத முடியும். பிரிட்டிஷ் அளவையாளர் வில்லியம் லாம்டன் 1802-இல் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு (முக்கோணங்களுக்கு அடிப்படையான முதல் கோடு) அளந்து தொடங்கிய பெரு முக்கோண அளவையின் தொடர்ச்சியாக, இந்தியாவுக்குப் பொருந்தும்படி 1830-இல் எவரெஸ்ட் என்ற பெயருள்ள கணித உருவம் வந்தது. அதன் நிலநடுக்கோட்டு ஆரம் 6,377,276 மீட்டர். செயற்கைக்கோள்கள் பயன்படுத்தும் டபிள்யூ.ஜி.எஸ். 84-இல் அது 6,378,137 மீட்டர். மையமும் ஒன்றல்ல.

பழைய தாளின் ஓரத்தில் எவரெஸ்ட் என்று இருந்தால், மென்பொருளில் அதைச் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். 200 மீட்டர் என்பது 1:50,000-இல் 4 மி.மீ.; கண்ணாலேயே தெரியும். புதிய பொதுத் தாள்கள் டபிள்யூ.ஜி.எஸ். 84-இலேயே வருகின்றன.

16. கோயம்புத்தூர் புள்ளிகள் எல்லாம் வங்காள விரிகுடாவில் போய் விழுகின்றன. என்ன தப்பு?

மண்டல எண். மீட்டரில் எழுதும் யு.டி.எம். முறையில் உலகை 6 டிகிரி அகலமான 60 மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு மண்டலத்தின் நடுக்கோட்டுக்கும் 5,00,000 மீட்டர் என்று கிழக்கு மதிப்பு கொடுத்திருப்பதால், ஒரே எண் அறுபது மண்டலத்திலும் வரும். தமிழ்நாட்டுக்கு ஒரு வம்பு உண்டு: 43-க்கும் 44-க்கும் எல்லையான 78 டிகிரி கிழக்கு மாநிலத்தின் குறுக்கே போகிறது. கோவையும் திண்டுக்கல்லும் 43. மதுரை, சேலம், சென்னை 44. கோவையின் எண்ணை 44 என்று ஏற்றினால் 6 டிகிரி, அதாவது 650 கி.மீ.க்கு மேல் கிழக்கே, நடுக்கடல்.

எல்லைக்கு இருபுறமும் தரவு இருந்தால், எல்லாவற்றையும் முதலில் டிகிரிக்கு மாற்றி, பிறகு ஒரே மண்டலத்துக்குக் கொண்டுவாருங்கள்.

17. மெரினாவில் நின்றால் போன் மைனஸ் 80, 90 மீட்டர் என்கிறது. கடலுக்கு அடியிலா நிற்கிறேன்?

கேள்வி 15-இன் கணித உருவத்திலிருந்து எடுத்த உயரத்தைச் சில செயலிகள் அப்படியே காட்டுகின்றன. நிஜக் கடல் மட்டம் அந்த உருவத்தோடு ஒட்டி இருக்காது. ஈர்ப்பு விசை இடத்துக்கு இடம் மாறுவதால் மேடு பள்ளமாக இருக்கும். உலகிலேயே ஆழமான பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில், 106 மீட்டர் அளவுக்கு. தமிழ்நாடு அதன் சரிவில் இருக்கிறது.

ரயில் நிலையத்து மஞ்சள் பலகையில் எழுதியிருப்பது சராசரிக் கடல் மட்டத்திலிருந்து எடுத்த உயரம். அதோடு ஒப்பிட வேண்டுமானால் செயலியின் அமைப்பில் கடல் மட்டத் திருத்தத்தை இயக்குங்கள்.

18. எஃப்.எம்.பி. படத்தைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்தால் வரப்போடு பொருந்தவில்லை. பக்கத்து நிலத்துக்காரர் ஆக்கிரமித்துவிட்டாரா?

அதை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. எஃப்.எம்.பி. என்பது ஒரு சர்வே எண்ணின் நிலத்தை அளந்து வரைந்த புலப்படம். அது சங்கிலி பிடித்து அளந்த காலத்து முறையில் வந்தது. அதில் அட்சரேகையும் இல்லை, தீர்க்கரேகையும் இல்லை. புலத்துக்குள் கோடுகளும் அவற்றிலிருந்து மூலைகளுக்குத் தூரங்களும்தான் இருக்கும். அதைத் திரையில் பொருத்தியவர் கண்ணால் பார்த்து, இழுத்து, சுழற்றி வைத்திருப்பார். செயற்கைக்கோள் படமே சில மீட்டர் விலகியிருக்கலாம். இரண்டு விலகலும் சேர்ந்தால் வரப்பு பக்கத்து வீட்டுக் கிணற்றில் போய் நிற்கும்.

புலப்படத்தில் கோட்டை ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். கேள்வி 3-இன் சிக்கல் இங்கே அப்படியே வரும். பக்கத்தில் எழுதிய எண்ணுக்குத்தான் மதிப்பு. எண் மீட்டரா, பழைய லிங்க்ஸா என்று பாருங்கள்: 100 லிங்க்ஸ் ஒரு சங்கிலி, 66 அடி, 20.12 மீட்டர். எல்லைத் தகராறு என்றால் அளவைக்கு மனுப் போட்டு, நில அளவர் கல்லிலிருந்து கல்லுக்கு அளப்பதே வழி. வருவதற்கு முன் புதருக்குள் கிடக்கும் பழைய சர்வே கற்களைத் தேடிச் சுத்தம் செய்து வையுங்கள். புதுக் கல் எதையும் நீங்களாக நடாதீர்கள்.